வாரா வாரம் மருந்து அடித்தும் நர்சரியில் மாவுப்பூச்சி ஏன் போகவில்லை?

ஆலங்குளம் பக்கம் கால் ஏக்கரில் நிழல்வலை போட்டு நர்சரி நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செம்பருத்தி, குரோட்டன்ஸ், கொய்யா, எலுமிச்சை, கொஞ்சம் தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார். வாரம் தவறாமல் கான்பிடார், அக்டாரா, ரோகர் என்று மாற்றி மாற்றி அடிக்கிறாராம். செம்பருத்தி நுனி சுருண்டு மாவுப்பூச்சி அப்படியே இருக்கிறது, இப்போது செம்பேன் வேறு வந்துவிட்டது, கொய்யாவில் சில கன்றுகள் வெளுத்து வளராமல் நிற்கின்றன. "அண்ணாச்சிமார் யாராவது நல்ல மருந்தாகச் சொல்லுங்கள். மருந்தை மட்டும் நம்பாமல் நல்ல பூச்சி, கைவேலை எல்லாம் சேர்த்துச் செய்யும் ஒருங்கிணைந்த முறை என்கிறார்களே, வயலுக்குச் சரி, ஒரு பூச்சி தெரிந்தாலும் ஆள் வாங்காமல் போகிற நர்சரிக்கு அது ஒத்துவருமா?" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. நெல் வயலில் குத்துக்கு இத்தனை பூச்சி வரை பொறுக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. விற்பனைக்கு வரிசையில் நிற்கும் செடியில் அந்தக் கணக்கு செல்லாது, அங்கே ஒன்று இருந்தாலும் அதிகம். அதனால் 'பூச்சியைப் பொறுத்துக்கொள்' என்று யாராவது சொன்னால் நர்சரிக்காரருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் உங்கள் நர்சரி முழுவதும் விற்பனை வரிசை கிடையாது. தாய்ச்செடி, குச்சி நட்ட பாக்கெட், வளரும் கன்று, விற்கத் தயாரானது என்று நாலு பருவத்துச் செடிகள் இருக்கின்றன. நாலுக்கும் ஒரே டேங்க் மருந்தை ஒரே நாளில் அடிப்பதுதான் சிக்கலின் தொடக்கம். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக நர்சரி வைத்திருக்கிறேன். அதில் முதல் ஏழெட்டு வருடம் உங்களைப் போலவேதான் அடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நீங்கள் 'மாற்றி மாற்றி' அடிப்பதைப் பார்ப்போம். கான்பிடாரில் இருப்பது இமிடாகுளோபிரிட், அக்டாராவில் இருப்பது தயாமீதாக்சம். டப்பா வேறு, கம்பெனி வேறு, ஆனால் இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தில்தான் வேலை செய்யும். ஒன்றுக்குத் தப்பிய பூச்சி பெரும்பாலும் மற்றதற்கும் தப்பும். கடையில் அசிடாமிப்ரிட் என்று மூன்றாவது டப்பா கொடுத்தாலும் அதே குடும்பம்தான். ரோகர் வேறு குடும்பம், சரி. ஆனால் அது நல்லது செய்யும் பூச்சிகளையும் சேர்த்து வாரிவிடும். செம்பேன் ஏன் வந்தது என்பதற்கு விடை இங்கேதான். செம்பேன் பூச்சி இனமே கிடையாது, எட்டுக்கால் உள்ள சிலந்தி வகை. இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது, செம்பேனைத் தின்னும் சின்ன வண்டுகளுக்கும் இரைப்பேன்களுக்கும்தான் கெடுதல். வெயில் காலத்தில் ஒரு செம்பேன் தலைமுறை பத்து நாளுக்குள் முடிந்துவிடும். எதிரி இல்லாத வீட்டில் அது பெருகுவதைக் கேட்கவா வேண்டும். உங்கள் நர்சரி ரோட்டோரம் என்றால் இலையில் படியும் புழுதியும் அதற்குத் துணை.

மாவுப்பூச்சி சாகாததற்குக் காரணம் வேறு. அதன் மேல் இருப்பது மெழுகு. தண்ணீரில் கரைத்த மருந்து அதன்மேல் விழுந்து உருண்டு ஓடிவிடும். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் இருக்கும், அதற்குள் எந்த மருந்தும் போகாது. முட்டையிலிருந்து வெளிவந்து நடக்கும் குஞ்சுக்குத்தான் மெழுகு இருக்காது. அந்தச் சில நாள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. போதாததற்கு எறும்பு. மாவுப்பூச்சி விடும் தேன் போன்ற கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டு வந்தால் விரட்டும். எறும்பு ஏறும் பெஞ்சில் எந்த நல்ல பூச்சியை விட்டும் பயனில்லை. அதனால் பெஞ்சின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், தரையில் வைத்திருந்தால் பாக்கெட்டுக்கு அடியில் இருக்கும் புற்றைத் தேடி அழியுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பாதி வேலைதான்.

2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர் பக்கம் முதலில் தென்பட்டது, அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் நம் பக்கமும் வந்துவிட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, துத்தி, பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. நான் பைத்தியம் மாதிரி மருந்து அடித்தேன், கடைசியில் இரண்டாயிரத்துக்கு மேல் பப்பாளி நாற்றைக் குழி தோண்டிப் புதைத்தேன். 2010-இல் அதன் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கொசுவைவிடச் சின்னது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளிவரும். மருந்து அடிக்காத தோட்டங்களில் சில மாதத்தில் மாவுப்பூச்சி ஒடுங்கிவிட்டது, தொடர்ந்து அடித்த தோட்டங்களில் குளவியும் சேர்ந்து செத்தது. நான் மருந்தைக் கீழே வைத்தது அந்த வருடம்தான். அந்தக் குளவி இன்றும் நம் ஊர்க் காற்றில் இருக்கிறது, கூப்பிட வேண்டியதில்லை, விரட்டாமல் இருந்தால் போதும். ஒன்று கவனிக்க வேண்டும்: அது பப்பாளி மாவுப்பூச்சிக்கு மட்டும்தான் ஆள். உங்கள் செம்பருத்தியில் நுனி முறுக்கிக் கொத்தாக நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அதற்குக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு சரியான ஆள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

கிரிப்டோலேமஸ் வாங்குவதாக இருந்தால் உங்களிடம் வேலை செய்யும் அக்காமாருக்கு முதலில் அதன் புழுவைக் காட்டிவிடுங்கள். அந்தப் புழுவும் வெள்ளை வெளேரென்று மெழுகு இழையோடு மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும், கொஞ்சம் பெரிது, வேகமாக நடக்கும். என் நர்சரியில் வண்டு விட்ட மூன்றாவது வாரம், 'பெரிய பெரிய மாவுப்பூச்சி வந்துவிட்டது' என்று ஒரு அம்மா பாவம் ஒவ்வொன்றாக நசுக்கிவிட்டார்கள். நான் சொல்லித்தராதது என் தப்பு.

சரி, இப்போது என்ன செய்வது. என் அனுபவத்தில் நர்சரிப் பூச்சியில் பெரும்பங்கு வாசல் வழியாகவும் தாய்ச்செடி வழியாகவும்தான் வருகிறது. ஆந்திராவின் கடியம், கேரளாவின் மண்ணுத்தி மாதிரி நர்சரி ஊர்களிலிருந்து லோடு இறங்கும்போது நாம் பார்ப்பது வாடியிருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா என்பதைத்தான். இலைக்கடியில் யாரும் பார்ப்பதில்லை. இறக்கிய கையோடு பழைய வரிசையில் சேர்த்துவிடுகிறோம். எங்கிருந்து வந்தாலும், எவ்வளவு நம்பிக்கையான இடமாக இருந்தாலும், வந்த செடியை மூன்று வாரம் தனியாக வையுங்கள். எந்த இடத்தில் என்பது நம் ஊருக்கு முக்கியம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆலங்குளத்தில் எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். மாவுப்பூச்சிக் குஞ்சும் இலைப்பேனும் செம்பேனும் அந்தக் காற்றில் மிதந்து போகும். அதனால் புதுச்செடியை மேற்குப் பக்கம் வைத்தால் உங்கள் காசிலேயே பூச்சியைத் தூவுகிறீர்கள். கிழக்கு ஓரத்தில் வையுங்கள். நிழல்வலையின் மேற்குப் பக்கத்தில் துத்தியும் பார்த்தீனியமும் நின்றால் இன்றே பிடுங்கிவிடுங்கள், அதுதான் மாவுப்பூச்சிக்கு நிரந்தர வீடு. காலையில் வேலை தொடங்கும்போது குச்சி நட்ட பாக்கெட்டிலிருந்து தொடங்கி, வளரும் செடிக்குப் போய், புதுச்செடியைக் கடைசியாகத் தொடுங்கள். கத்தரியை இடையிடையே ஸ்பிரிட்டில் துடையுங்கள். மஞ்சள் சட்டை, மஞ்சள் சேலை உடுத்தி நடந்தால் வெள்ளை ஈயும் அசுவினியும் அதில் உட்கார்ந்து அடுத்த வரிசைக்குப் போகும், பார்த்திருக்கிறேன்.

தாய்ச்செடியில் கண்டிப்பாக இருங்கள். ஒரு தாய்ச் செம்பருத்தியில் பூச்சி இருந்தால் அதிலிருந்து வெட்டும் இருநூறு குச்சியிலும் பூச்சி. நுனி முறுக்கிய கிளையை ஒரு சாண் கீழே வெட்டி, அங்கேயே சாக்கில் கட்டி, எரித்துவிடுங்கள். வெட்டியதைக் குப்பைமேட்டில் போட்டால் குஞ்சுகள் நடந்து திரும்பி வரும். இந்தத் தாய்ச்செடிப் பகுதியில்தான் பொறிவண்டுக்கும் குளவிக்கும் இடம் கொடுக்க வேண்டும், அங்கே கடும் மருந்து வேண்டாம். நாலு பூச்சி அங்கே இருந்தால்தான் நல்ல பூச்சிகளுக்குச் சாப்பாடு. விற்பனை வரிசையில் மட்டும் கறாராக இருக்கலாம். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒத்துவரும், ஆனால் இடம் பிரித்து.

வாரம் ஒரு நாள் மருந்து அடிப்பதற்குப் பதிலாக அதே நாளில் ஒருவர் கையில் பத்து மடங்கு லென்ஸும் ஒரு நோட்டும் கொடுத்து நடக்க விடுங்கள். இருபது பாக்கெட்டுக்கு ஒன்று, இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். செம்பேனுக்கு வெள்ளைத் தாள் மேல் கிளையைத் தட்டினால் போதும், புள்ளிகள் நடக்கும். கண்ட இடத்தில் சிவப்புத் துணி கட்டி, அந்த ஒரு மீட்டர் வட்டத்துக்கு மட்டும் வைத்தியம். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈ, அசுவினிக்கு, நீல அட்டை இலைப்பேனுக்கு. அட்டை பூச்சியை ஒழித்துவிடும் என்று நம்ப வேண்டாம், அது பூச்சி வருகிறதா என்று நமக்குச் சொல்லும் மணி. போன வாரம் ஐந்து, இந்த வாரம் நாற்பது என்றால் எந்தப் பக்கத்து அட்டையில் என்று பாருங்கள், வந்த வழி தெரியும்.

மாவுப்பூச்சிக்கு அடிப்பதாக இருந்தால் மீன் எண்ணெய் ரோசின் சோப், லிட்டருக்கு 25 கிராம். மெழுகை நனைத்து உள்ளே போகும். சோப்பு உடம்பில் பட்டால்தான் வேலை செய்யும், அதனால் இலையின் அடிப்பக்கம், கணு, நுனி என்று நனைய வேண்டும். ஒரு தடவை அடித்து நிறுத்தக் கூடாது, ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை, அப்போதுதான் முட்டைப் பைக்குள் இருந்து பிறகு வருகிறவையும் மாட்டும். உங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினத் தண்ணீராக இருந்தால் சோப்பு திரிந்துபோகும், வாளியில் திரிதிரியாக மிதக்கும். அந்தத் தண்ணீரில் அடித்துவிட்டு சோப்பு வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரோகரும் காரத் தண்ணீரில் சீக்கிரம் வீரியம் இழக்கும், காலையில் கலந்ததைச் சாயங்காலம் அடிப்பது வீண். வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதவீதம், அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டியது, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். இளந்தளிருக்கு வேப்பெண்ணெய் சில சமயம் கருகல் உண்டாக்கும், அதனால் எந்தப் புது மருந்தையும் ஐந்து செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்த பிறகே மற்றதற்கு. விற்பனை வரிசையில் நாலைந்து தொட்டிதான் என்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

செம்பேனுக்கு முதல் மருந்து தண்ணீர். காலையில் இலைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒரு தடவை. நனையும் கந்தகம் நல்ல மருந்து, ஆனால் நம் சித்திரை வைகாசி வெயிலில் இலை வெந்துபோகும், அந்த மாதங்களில் தொடவே வேண்டாம். ஒருகாலத்தில் எல்லோரும் அடித்த டைக்கோபால் 2023-இல் தடை செய்யப்பட்டுவிட்டது, பழைய பாட்டில் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள். ரசாயனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வரிசை முழுக்கப் பரவிவிட்டால் செம்பேனுக்கென்றே உள்ள மருந்து, மாவுப்பூச்சிக்கு புப்ரோபெசின் மாதிரி இளம்பருவத்தை மட்டும் தாக்குவது, இவற்றை லேபிளில் போட்ட அளவில், அந்த வரிசைக்கு மட்டும் அடிக்கலாம். புப்ரோபெசின் அடித்த இடத்தில் பொறிவண்டுப் புழுவும் தேறாது, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். டப்பாவில் சிவப்பு, மஞ்சள் முக்கோணம் போட்டதை நர்சரிக்குள் கொண்டுவராதீர்கள். விவசாயி வயலுக்குள் வாரம் ஒரு நாள் போவார், நர்சரிப் பெண்கள் நாள் முழுக்க அந்த இலைகளைக் கையால் தொடுகிறார்கள். அடித்த மறுநாளே கையுறை இல்லாமல் அவர்களைக் களை பிடுங்கச் சொல்வது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

தென்னம்பிள்ளையில் சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் கண்டது, இப்போது நம் தென்காசிப் பக்கமும் சாதாரணம். இதற்கு ரசாயனம் அடிக்கவே வேண்டாம். என்கார்சியா என்ற ஒட்டுண்ணி தானாகவே வந்து அடக்கும், நாம் அடித்தால் அதைத்தான் கொல்வோம். தண்ணீர் பீய்ச்சுங்கள், கரும்பூசணம் படிந்த ஓலைக்கு மைதா லிட்டருக்கு 25 கிராம் கஞ்சியாகக் காய்ச்சி அடித்தால் காய்ந்து உரிந்து விழும். எலுமிச்சைக்கு, புளியங்குடி, கடையநல்லூர் ஆட்கள் உங்களிடம் கன்று வாங்க வருவார்கள் என்பதால், தளிர் வரும் நேரம் இலைத்துளைப்பானைக் கவனியுங்கள். அது போட்ட கோட்டுக் காயம் வழியாகத்தான் சொறி நோய் சுலபமாக உள்ளே போகிறது. பறவை எச்சம் மாதிரி இலையில் இருக்கும் புழுவை வண்ணத்துப்பூச்சிப் புழு என்று தெரிந்து கையால் எடுத்துவிடலாம். யூரியா கொடுத்துத் தளிரை விரட்டுகிறீர்களா என்றும் பாருங்கள், அந்த மெத்தென்ற தளிர் இவை எல்லாவற்றுக்கும் விருந்து.

கொய்யாவைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருப்பதிலேயே அதுதான் கவலை. வெளுத்து வளராமல் நிற்கும் கொய்யா என்றால் சத்துக்குறைவும் இருக்கலாம், வேர்முடிச்சு நூற்புழுவும் இருக்கலாம், இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு பாக்கெட்டைக் கிழித்து வேரை வாளியில் அலசிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. ஒருமுறை வெளியில் வாங்கிய முந்நூறு கொய்யாக் கன்றை வேர் பார்க்காமல் விற்றேன். வாங்கியவர் பதினாலு மாதம் கழித்து ஒரு மரத்தை வேரோடு தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தார். முடிச்சும் வாடலுமாக இருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவர் மண்ணுக்குள் போனதை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. மாவுப்பூச்சி போன செடி மறுபடி தளிர்க்கும், நூற்புழு புகுந்த நிலம் பல வருடம் தேறாது. அதனால் முடிச்சுள்ள கன்றை மருந்து ஊற்றிச் சரிசெய்து விற்கப் பார்க்காதீர்கள், அந்தத் தொகுதி முழுவதையும் மண்ணோடு அழித்துவிடுங்கள். அதன் மண்ணை வேறு பாக்கெட்டுக்குக் கலக்க வேண்டாம்.

அடுத்த தொகுதிக்கு மண் கலவையைச் சித்திரை வெயிலில் வேகவைத்துக்கொள்ளலாம். கலவையை ஈரமாக்கி, முக்கால் அடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மெல்லிய நிறமில்லாத பாலிதீன் தாளால் மூடி, ஓரத்தை மண் போட்டு அடைத்து, ஐந்தாறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் போட்டால் இந்தச் சூடு வராது. திருநெல்வேலி வெயிலில் இதற்கு ஒரு பைசா செலவில்லை. பிறகு நன்றாக மக்கிய தொழுவுரம் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணப் பொடி கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டுப் பதினைந்து நாள் வைத்து, அந்த உரத்தைக் கலவையில் சேருங்கள். நாற்றழுகலுக்கு இதைவிடச் சிக்கனமான காப்பு எனக்குத் தெரிந்து இல்லை. மக்காத உரம் போட்டால் காண்டாமிருக வண்டுப் புழுவும் சேர்ந்து வரும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. அரைகுறையானவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெர்டிசிலியம் மாதிரி பூச்சியைக் கொல்லும் பூசணப் பொடிகள் சாரல் காலத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் எனக்கு நன்றாக வேலை செய்திருக்கின்றன, கோடையில் காசு வீண், ஈரம் இல்லாமல் பூசணம் முளைக்காது. தயாரித்த தேதி பழையதாக இருந்தால் எந்தக் காலத்திலும் வீண். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் ஒரு தடவை கேட்கும், மறு தடவை கேட்காது, அதை நம்பி வரிசையை விட்டுவிட மாட்டேன். பஞ்சகவ்யம் செடியைத் தெம்பாக்கலாம், பூச்சிமருந்து என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். என் அனுபவம் எல்லாம் நிழல்வலைக்குள் நடக்கும் நர்சரியில்தான், மூடிய பாலிஹவுஸ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்தை நிறுத்திய முதல் இரண்டு மாதம் பூச்சி கூடும், அப்போது பயந்து மறுபடி டேங்கைத் தூக்கினால் தொடங்கிய இடத்துக்கே போய்விடுவீர்கள். விற்பனை வரிசைக்குச் சோப்பும் கையும், மற்ற இடத்தில் பொறுமை. எனக்கு ஓரளவு சீராக ஒரு வருடம் ஆனது. நாளைக் காலை முதல் வேலையாக அந்த நாலு கொய்யா வேரை அலசுங்கள் தம்பி. முடிச்சு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் வேரையும் கொஞ்சம் மண்ணையும் ஈரம் காயாமல் பையில் கட்டி வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். பதில் வரும் வரை கொய்யாவில் ஒரு கன்றைக்கூட வெளியே விடாதீர்கள்.